என் ஃபைலில் நானே கேட்ட கேள்வி

நேர்மையானவன் என்று பெயர் வாங்க ஆசைப்படுகிறவனிடம் அதிகாரத்தை ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது. (என்னிடம் மூன்று நாள் கொடுத்தார்கள்.)

புதுச்சேரியில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிது. நோணாங்குப்பம் கழிமுகச் சேற்றை ஆராய நிதி கேட்டு, எட்டு மாதம் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதியிருந்தேன். அது கிடைத்தால் எனக்கென்று ஒரு ஆய்வகம். இல்லாவிட்டால் பழையபடி ஸ்டோர் ரூம் மூலைதான். டெல்லிக்கு அனுப்பும் முன் துறைத்தலைவரும் ஆராய்ச்சிப் பிரிவும் ஒப்புதல் தர வேண்டும்.

கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது துறைத்தலைவர் லீவில் போனார். சீனியர்கள் தேர்வுப் பணிக்காக வெளியூரில். ஆகவே பொறுப்புத் தலைவர் நான். என் ஃபைல் என் மேஜைக்கே வந்தது.

வேறு யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் சொந்த ஃபைலைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினான் என்று நாளைக்கு என்னை யாரும் சொல்லக் கூடாதே. செலவுப் பட்டியலில் படகு வாடகை என்றிருந்த இடத்தில், பச்சை மையில் ஓரத்தில் எழுதினேன்: 'படகு எதற்கு? விளக்கம் தேவை.' பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

ஆராய்ச்சிப் பிரிவு சூப்பரிண்டெண்ட் மேடம் ஃபைலைத் திருப்பித் தந்தார்.

"எச்.ஓ.டி. கேள்வி கேட்டிருக்காரு சார். பதில் வாங்கிட்டு வாங்க."

"அந்த எச்.ஓ.டி. நான்தான் மேடம்."

"தெரியும் சார். அப்ப சீக்கிரம் கெடைச்சிடும்."

'சேறு தண்ணீருக்கு அடியில் இருக்கிறது' என்று பதில் எழுதினேன். சற்று யோசித்து, 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று நானே ஏற்றும் கொண்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேள்வி கேட்டவரே பதில் சொல்லி, அவரே ஏத்துக்கிட்டா ஆடிட்ல மாட்டிக்குவோம் சார். லீவுல போனவரு வரட்டும்."

"கேள்வியே கேக்காம கையெழுத்து மட்டும் போட்டிருந்தா?"

"அப்பவே அனுப்பிச்சிருப்பேன் சார்."

லீவில் போனவர் கடைசித் தேதிக்கு மறுநாள் வந்தார். ஃபைலைப் புரட்டிப் பார்த்து, "நல்ல கேள்விதான்பா" என்றார். எனக்கு அழுகை வந்தது. எட்டு மாத உழைப்பைக் கெடுக்க எதிரி என்று ஒருவன்கூடத் தேவைப்படவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஆறுதல் சொல்வாள் என்று நம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுதான் இரண்டாவது தப்பு. இன்றைக்கும் ஏதாவது விசேஷத்துக்குக் கிளம்பும்போது எந்தச் சட்டை என்று கண்ணாடி முன்னால் நான் நின்றுவிட்டால், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரல் கொடுப்பாள்: "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டா சொல்லுங்க, கெளம்பலாம்."