துடைக்கத் துடைக்கக் குறையும் கரண்ட்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மொட்டை மாடியிலிருந்து மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். சௌக்கியமில்லாதது நீங்கள் வாங்கிப் போட்ட சோலார் பேனல் மட்டும்தான்.

நேற்று போனில், "மாமா, நீங்க மேல போகாத நாள்லதான் கரண்ட் நல்லா வருது"ன்னு சொன்னீர்கள். மரியாதையாகத்தான் சொன்னீர்கள். ஆனால் பக்கத்தில் நின்ற உங்கள் அத்தையின் காதிலும் அது விழுந்துவிட்டது. இந்த வாரமும் யூனிட் ஏறவில்லை என்றால் மாடிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்று உங்கள் மனைவி, நான் பெற்ற மகள், தீர்ப்பும் சொல்லிவிட்டாள். ரிட்டயர் ஆன எனக்கு மிச்சமிருக்கிற ஒரே அதிகாரம் அந்தச் சாவிதான். கீழே இறங்கினால் பூண்டு உரிக்கச் சொல்கிறார்கள்.

என் தரப்பைக் கேளுங்கள். பேனலில் தூசி அப்பிக்கிடந்தபோது யூனிட் குறைந்தது உண்மை. மாட்டிக் கொடுத்த எலக்ட்ரீஷியன்தான் வந்து பார்த்து, "வெளிச்சம் உள்ள போனாத்தானே சார் கரண்ட்? துடைச்சு விடுங்க" என்றார். விடிந்ததும் தண்ணீரும் துணியுமாகத் துடைத்தேன். அன்றைக்கு யூனிட் எகிறியதை அங்கிருந்தபடியே உங்கள் போனில் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் படம்கூட அனுப்பினீர்கள். உங்கள் அத்தை, "பரவாயில்லையே, உங்களாலயும் ஒரு வேலை உருப்படியா நடந்திருக்கே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் கல்யாணமான நாளிலிருந்து காத்திருக்கிறேன் மாப்பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் துடைத்த ஈரம் காய்வதற்குள் ஒரு புறா வந்து தன் கைவரிசையைக் காட்டிவிட்டுப் போனது. விடுவேனா? ஆபீசில் வழியனுப்பும்போது கொடுத்த பெரிய குடையை விரித்துக்கொண்டு, வெயில் முதுகில் பட, பேனலுக்கு எதிரே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டேன். காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவது. ஒரு புறா அண்டவில்லை. பேனலில் முகம் பார்த்து மீசை திருத்திக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். யூனிட் மட்டும் தூசி இருந்த காலத்தைவிடக் கீழே போய்விட்டது. இன்னும் அழுத்தித் துடைத்து, இன்னும் அதிக நேரம் காவல் இருந்தேன். இன்னும் குறைந்தது. நடுவில் காய்ச்சலில் நான் படுத்துவிட, புறாக்கள் பேனல் மேல் மாநாடே நடத்தின. அன்றைக்குப் பார்த்து யூனிட் பிய்த்துக்கொண்டு போயிற்று!

"அழுக்குலதான் கரண்டே இருக்கு. அதைப் போய் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துட்டீங்க" என்கிறாள் உங்கள் அத்தை. இதை நம்பி எதிர்வீட்டுத் தையல்காரர் தன் வீட்டுப் பேனலைத் துடைப்பதையே நிறுத்திவிட்டார். தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

என் முடிவு இதுதான்: பேனலில் கோளாறு. சுத்தம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கம்பெனிக்காரர்களை உண்டு இல்லை என்று பண்ணி, வேறு பேனல் மாற்றித் தரச் சொல்லுங்கள். சாவி விஷயத்தில் உங்கள் மனைவியிடம் எனக்காக இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பேத்திக்கு என் முத்தம். உங்கள் பெற்றோருக்கு வணக்கம். யாரும் துடைக்காமலே நீங்கள் எல்லோரும் பளிச்சென்று இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை டீ கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டியவள் பேனலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடை நிழல் எங்க விழுதுன்னு என்னைக்காவது பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன். குடை, நாற்காலி, நான் மூவரும் பேனல் மேல் சௌகரியமாகப் படுத்திருந்தோம். எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மொத்தப் பேனலும் சோர்ந்துவிடுமாம். துடைப்பதில் தப்பே இல்லையாம். நான் சாவியை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பிறகு என் நாற்காலியைத் தூக்கிப் பேனலுக்குப் பின்பக்கம் போட்டாள். கீழே போய் இன்னொரு நாற்காலி கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். கம்பெனிக்காரர்கள் பாவம், விட்டுவிடுங்கள். யூனிட் ஏறுகிறது. அவள் வரும்போது கூடையையும் எடுத்து வந்திருக்கிறாள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன்.