நான் மூட்டிய சோளத்தட்டைப் புகை

நான் ஒரு கோழை. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. ஊருக்கே தெரிந்த பிறகு வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம், தீ விபத்து ஒத்திகையை என் தலையில் கட்டினார்கள். ஒரு வாரம் பிள்ளைகளைப் பழக்கினேன். மணி அடித்தால் வரிசையாக வேப்பமரத்தடிக்கு வர வேண்டும். பெயர் சொன்னால் கை தூக்க வேண்டும். (கழுத்தில் ஒரு விசில் வேறு. போலீஸ் வேலை கிடைக்காத குறையை அதில் தீர்த்துக்கொண்டேன்.)

"பெத்தவங்களுக்கு ஒரு கடுதாசி குடுத்துவிடணுமே சார்?" என்றார் தலைமையாசிரியை.

"முன்கூட்டியே தெரிஞ்சா நெசம் மாதிரி இருக்காது டீச்சர்."

நிஜம் போதாது என்று, அவருக்கும் தெரியாமல் மைதானத்தின் பின்மூலையில், பருத்திக்காட்டை ஒட்டி, ஈரச் சோளத்தட்டையைக் குவித்துக் கொளுத்தினேன். தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு ஆலையும் சோறு போடுகிற ஊரில் புகையை யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள் என்பது, அது பனை உயரத்துக்கு எழும்பிய பிறகுதான் என் புத்திக்கு எட்டியது.

மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பெயர் வாசித்தேன். ஆறாம் வகுப்பு மாரீஸ்வரி கை தூக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வகுப்பறையில் இல்லை. கழிப்பறையில் இல்லை. பள்ளிக்குப் பின்னால் சுவரில்லாத கிணறு ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தேன். என் மூஞ்சி மட்டும் தெரிந்தது.

திரும்பினால் கேட்டில் கூட்டம். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பெண்கள் போட்டது போட்டபடி தார்ரோட்டில் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார்கள். முன்னால் மாரீஸ்வரியின் அம்மா.

"எம்புள்ள எங்க சார்?"

பதில் சொல்லப் பார்த்தேன். வாயிலிருந்த விசில்தான் கீச்சிட்டது.

"அவ பருத்திக்காட்டு வழியா ஓடுனா சார்," என்றாள் வரிசையிலிருந்த ஒருத்தி.

ஓடினோம். முந்தின நாள் மழையில் கரிசல் களியாகிக் கிடந்தது. என் செருப்பு இரண்டும் பத்தாவது அடியிலேயே போயின. அந்த அம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்த ஊரில் எப்படி நடமாடுவேன் என்று நினைத்தேன். பிள்ளையை நினைக்காமல் என்னை நினைத்தேன். முதலில் கோழை என்றேனே, இதற்காகத்தான்.

காடு முடிகிற இடத்தில் தீப்பெட்டி ஆபீஸ் கேட். கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டு மாரீஸ்வரி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏட்டி, பள்ளிக்கூடத்துல நிக்காம இங்கன எதுக்கு வந்த?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"காட்டுப் பக்கம் பொகையப் பாத்தேன். ஒங்க ஆபீஸுதான் பத்திக்கிட்டுன்னு நெனச்சேன். ஒன்னயக் கூட்டியாந்து வரிசையில நிப்பாட்டலாம்னு வந்தேன்."

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். (அழும்போதும் விசில் ஊதியது என்று அந்த ஆபீஸ் கேட் வாட்ச்மேன் அண்ணாச்சி இன்றும் சாதிக்கிறார். நம்ப வேண்டாம்.)

இப்போதெல்லாம் ஒத்திகைக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்கு வீடு கடிதம் போகிறது. தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு நானே நேரில் போய்ச் சொல்கிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்குக் கரி மூட்டும்போது என் மனைவி என்னைக் கேலி செய்யாமல் விடுவதில்லை.

"தீப்பெட்டி ஆபீஸுக்குத் தாக்கல் சொல்லியாச்சா? பத்த வைக்கவா?"

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, அவள் எங்கே நிற்கிறாள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.