எத்தனை நாற்காலி

“ராத்திரி தூக்கம் எப்படிம்மா?” என்று மனநல மருத்துவர் என் மனைவியிடம் கேட்டார்.

“எனக்கு ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துடுது டாக்டர்” என்றேன் நான்.

“சாப்பாடு?”

“ரெண்டு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது.”

“அழுகை வருமா?”

“குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவேன். வெளியில கேட்காதுன்னு எனக்கு நினைப்பு.”

மருத்துவர் என் தொப்பையைப் பார்த்தார். இரண்டு வாயோடு எழுந்துவிடுகிறவனின் தொப்பை அல்ல அது. என் மனைவி மடியில் இருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சி சொல்வதைச் சாட்சியாகவே நின்று சொல்ல வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ‘திருடினானாம்’ என்றால் நீதிபதி முறைப்பார். ‘திருடினேன்’ என்றே சொல்ல வேண்டும். அப்படி எத்தனையோ திருட்டுகளையும் ஒன்றிரண்டு கொலைகளையும் உரக்க ஒப்புக்கொண்டுவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து காபி குடித்திருக்கிறேன். வேலை போனது. வாய் போகவில்லை.

என் மனைவியின் தங்கை இறந்து நான்கு மாதமாகிறது. தினமும் மதியம் அக்காவும் தங்கையும் தொலைபேசியில் பேசுவார்கள். அந்த நேரத்தில் கூடத்தில் செருப்புச் சத்தம்கூட வரக்கூடாது. தங்கை போன பிறகும் அதே நேரத்தில் தொலைபேசியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னோடு உப்பு, பால், சாவி இவற்றைத் தாண்டிப் பேச்சில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் பங்குக்கும் சேர்த்து நானே பேசிப் பார்த்தேன். பலனில்லை.

பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர்தான் விவரம் சொன்னார். “மனநல மருத்துவர்னா மருந்து எழுதுவார். ஆலோசகர்னா பேச விடுவார். யாரா இருந்தாலும் வயசானவங்களைப் பார்த்துப் பழகினவரான்னு கேட்டுக்குங்க.”

“பேச விடுவாரா? யாரை?”

அவர் கடை திறக்கப் போய்விட்டார்.

இருப்பவர்களிலேயே சிறந்தவரை என் மனைவிக்காக நானே தேர்ந்தெடுப்பது என்று அன்று முடிவு செய்தேன். அதன் முதல் பலன்தான் மேலே சொன்ன மருத்துவர். பேருந்தில் திரும்பும்போது மனைவி மருந்துச் சீட்டை நீட்டினாள்.

“உங்க பேர் போட்டிருக்கு. உங்க வயசு.”

“அவசரத்துல மாத்தி எழுதியிருப்பார்.”

“மாத்தியெல்லாம் எழுதல. பேசினவருக்கு எழுதியிருக்கார்.”

இரண்டாமவர் இளைஞர். ஆலோசகர். வயதானால் காது கேட்காது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

“பாட்டி, இன்னிக்கு என்ன கிழமை?” என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார்.

“வியாழக்கிழமை வாங்கன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க. மறந்துட்டீங்களா?” என்றாள் மனைவி.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். “தொண்ணூத்தி மூணு” என்றேன் நான். அடுத்ததற்கு விரலை மடக்க வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார்.

மூன்றாமவரை நான் தேடிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வருகிறேன், மனைவி தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறாள். சந்தோஷத்தில் கதவோரம் நின்றேன்.

“உங்க அறையில எத்தனை நாற்காலி இருக்கு?” என்று கேட்டாள். “நாலா? சரி, வச்சுடறேன்.” வேறு எண்ணைச் சுழற்றினாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க அறையில எத்தனை நாற்காலி?”

மருந்துக்கடைக்கு ஓடினேன்.

“முத்திப்போச்சுங்க. நாற்காலி எண்ண ஆரம்பிச்சுட்டா.”

“எண்ணட்டுமே. உங்க வீட்டு நாற்காலிதானே?”

“ஊரார் நாற்காலி.”

அவர் ஒரு இருமல் மிட்டாயைக் கொடுத்து என்னைத் திருப்பி அனுப்பினார்.

வீட்டில் மனைவி புடவை மடித்துக்கொண்டிருந்தாள். “வெள்ளிக்கிழமை ஒரு அம்மாவைப் பார்க்கப் போறோம். வயசானவங்களைத்தான் பார்ப்பாங்களாம்.”

“நான் இன்னும் தேர்ந்தெடுக்கலயே.”

“நான் தேர்ந்தெடுத்துட்டேன்.”

“எதை வச்சு?”

“நாற்காலியை வச்சு.”

தையல் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்த அறை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை விளக்கு, இரண்டு நாற்காலி. ஒன்றில் நரைத்த தலையோடு ஆலோசகர் அம்மாள். மற்றதில் என் மனைவி போய் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

“தூக்கம் எப்படி இருக்கு?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

வாயைத் திறந்தேன்.

“அடடா, சார் உட்கார இடமில்லையே” என்றார் என்னிடம். “வெளியில படிக்கட்டு நல்லா காத்தாட இருக்கும்.”

காற்றாடத்தான் இருந்தது. கீழே தையல் மெஷின்கள் ஓடியதில் உள்ளிருந்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. மனைவி வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. முகம் மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

“என்ன பேசினே?”

“பேசினேன்.”

“நான் இல்லாம அவங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?”

“அவங்களுக்கும் எனக்கும் ஒரே பாஷைதாங்க.”

அன்றிரவு விடியும்வரை தூங்கினாள். நான் இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, உள்ளே என்ன பேசியிருப்பாள் என்று யோசித்தபடி கிடந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பரண் மேலிருந்த மடக்கு நாற்காலியை இறக்கித் தூசி தட்டினேன்.

“அது எதுக்கு?” என்றாள் மனைவி.

“எனக்கு.”

தடுப்பாள் என்று எதிர்பார்த்துப் பத்துப் பதிலாவது தயாராக வைத்திருந்தேன். “எடுத்துக்கிட்டு வாங்க. உபயோகப்படும்” என்றாள். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பேருந்தில் நாற்காலிக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார் நடத்துநர். அவரோடு வாதாடி, இரண்டு மாடியும் முழங்காலில் இடித்துக்கொண்டே ஏறி, அறைக்குள் போய் நாற்காலியை விரித்துப் போட்டேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்காரக் குனிந்தேன். மனைவி தன் கைப்பையை அதன் மேல் வைத்தாள்.

“நல்லதாப் போச்சு” என்றார் அந்த அம்மாள். “போன தடவை பையை மடியிலயே வச்சுக்கிட்டுக் கஷ்டப்பட்டீங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

தையல் கடைக்கு அன்று விடுமுறை. மெஷின் சத்தம் இல்லை. நான் வந்த வேகத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. விரல் நுழையும் அளவு திறந்திருந்தது. அது போதும் எனக்கு.

“கடைசியா அவ கூப்பிட்டா” என்றாள் என் மனைவி. “நான் எடுக்கல.”

“கடைசியா அவ கூப்பிட்டா. நான் எடுக்கல” என்று என் உதடு தானாக முணுமுணுத்தது.

“இவர் ஏதோ சொல்லிக்கிட்டிருந்தார். முடிக்கட்டும்னு இருந்தேன்.”

உதடு ‘இவர்’ வரை வந்து நின்றுவிட்டது. உள்ளே அவள் பேசிக்கொண்டே போனாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

எழுந்து, கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்திவிட்டு, இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்தேன்.