கோரைமுடியாரின் சுருட்டை

தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு கோயில் வாசலில் விழுகிற காஞ்சிபுரத்தில், எல்லாக் கடவுள்களையும் ஒருசேர எதிர்த்து நின்றுவிட்டு, தன் தலைமயிரிடம் தோற்றுப்போன ஒரே வீரர் எங்கள் தெருக் கோரைமுடியார்தான்.

பிறந்தது என்னவோ சுருட்டை முடியோடு. சீப்பை உள்ளே விட்டால் பல்லை இழந்துதான் வெளியே வரும். பகலில் சாயப்பட்டறை வேலை, மாலையில் பகுத்தறிவுக் கூட்டங்களில் பேச்சு. அந்த எழுபதுகளில் மேடைப் பேச்சாளர் என்றால் நெற்றியில் ஒரு கற்றை முடி விழவேண்டும். உச்சக்கட்டத்தில் அதைக் கோதி மேலே தள்ளவேண்டும். அப்போதுதான் கைதட்டுவார்கள். நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடும் இவரின் சுருட்டையோ புயலடித்தாலும் அசையாது.

ஒருநாள் பட்டறையில் ஞானம் பிறந்தது. விறைப்பான கச்சாப் பட்டு, சலவைச் சோடா போட்ட கொதிநீரில் வெந்து எழுந்தால் வழவழவென்று தொங்குகிறதே!

"பட்டு பூச்சி கக்கனது, மயிரு உடம்பு கக்கனது. அதுக்கு ஆவறது இதுக்கு ஆவாதாபா?" என்று எங்களிடம் விஞ்ஞானம் பேசினார். பட்டறைச் சோடாவைக் கஞ்சியில் குழைத்துத் தலையில் அப்பிக்கொண்டார். உச்சந்தலை வெந்து அவர் போட்ட கூச்சல் தெருக்கோடிவரை கேட்டது. ஆனால் முடி படிந்து, கோரைப்புல்லாகத் தொங்கியது. அன்றைக்கு வைத்த பெயர்தான் கோரைமுடியார். அதன்பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் சோடா, கூட்டத்துக்குக் கூட்டம் கைதட்டல்.

பேருந்து நிலையத்தருகே நடந்த கூட்டத்தில்தான் வினை வந்தது. அன்றைய தலைப்பு, மொட்டை போடும் மூடத்தனம். "மயிரைக் கொடுத்தால் வரம் கொடுத்துவிடுவாரா உங்கள் கடவுள்?" என்று முழங்கி, முன்கற்றையைக் கோதினார். கற்றை கையோடு வந்துவிட்டது.

"இன்னாண்ணே, காணிக்கைய இங்கயே குடுத்துட்ட?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அந்தக் குரலுக்கு விழுந்த கைதட்டல் அண்ணனுக்கு ஒருநாளும் விழுந்ததில்லை.

முடிதிருத்தும் கடைக்காரர் அவர் தலையைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் வெந்துபோச்சுபா. மொட்டை அடிச்சிடு. பழைய சுருட்டை தானா வரும்."

"மொட்டையா? திருப்பதி போய்ட்டு வந்துட்டான்னு ஊரே சிரிக்குமே! கொள்கை இன்னா ஆவறது?"

கொள்கைக்காக, வெட்டாமலே வளர்த்தார். நுனியை மட்டும் அவ்வப்போது கொஞ்சம் கிள்ளிக்கொள்வார். அடியில் சுருட்டை முட்டிக்கொண்டு எழும்ப, அதன்மேல் மிச்சக் கோரை கீற்றுக்கூரை போட்டது போல் நின்றது. டீக்கடைக்குள் அவர் நுழைந்தால், "மாடி வீடு வருது, வழி வுடுங்கப்பா!" என்போம். எந்த மேடைக்கும் யாரும் கூப்பிடவில்லை. ஒரு தீபாவளி அப்படியே போயிற்று. அடுத்தது நெருங்கும்போது கடைசிக் கோரையும் கழிந்து, கருகருவென்று தலை நிறையச் சுருட்டை. கண்ணாடி வைத்த கடை ஒன்று விடாமல் அண்ணன் நின்று நின்று பார்த்தார். கைதட்டல் இல்லாமலே அவர் அப்படிச் சிரித்ததை நாங்கள் பார்த்ததில்லை.

அப்போதுதான் அண்ணி, எங்கள் எதிரிலேயே வாயைத் திறந்தார்.

"முடி நல்லபடியா வந்துட்டா உனக்கே குடுக்கிறேன்னு பெருமாளுக்கு வேண்டிக்கினேன். கிளம்புயா திருப்பதிக்கு."

"யார் தலைய யாருமா குடுக்கறது? இல்லாத சாமிக்கு இன்னாத்துக்குக் குடுக்கணும்?"

"சாமி இல்லன்னா போவுது. நான் இருக்கிறேன் இல்ல? நான் குடுத்த வாக்கு பொய்யாவணுமா?"

பெண்ணுரிமை பற்றி விடிய விடியப் பேசக்கூடிய அண்ணன், சுருட்டையை மெல்லத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் டீக்கடை வாசலில் இருவரும் வந்து நின்றார்கள். அண்ணன் தலை மொட்டை, மொட்டைமேல் சந்தனம். பெஞ்சில் இருந்த அத்தனை பேர் நாக்கிலும் 'திருப்பதியா?' துடித்துக்கொண்டிருந்தது. அண்ணியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அண்ணன் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "வெயில் தாங்கலபா. அதான்," என்றார்.

அந்த மனிதர் எங்களுக்கு எவ்வளவு வேண்டியவர் என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது.

"ஆமாண்ணே, இன்னா வெயிலு!" என்றோம்.

அவர் மொட்டையிலிருந்து மழைத்தண்ணீர் சந்தனத்தையும் சேர்த்துக்கொண்டு காதோரம் வழிந்துகொண்டிருந்தது.