இயக்குநருக்கு வந்த விக்கல்

"மக்கள் வாழ்வியலின் ஆணிவேராக விளங்கும்..." என்று படிக்கும்போதுதான் முதல் விக்கல் வந்தது. ஆணிவேர் இரண்டாக முறிந்தது.

நாட்டுப்புற வாழ்வியல் ஆவணக் காப்பகத்தின் இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடி விக்கல்.

வேறொரு நாளாக இருந்தால் அவரே சிரித்திருப்பார். இன்று ஆய்வுக் குழு வருகிறது. காப்பகம் இருக்கலாமா, மூடலாமா என்று அதுதான் சொல்லப்போகிறது. மூடினால் கட்டடம் போக்குவரத்துத் துறைக்குப் போகும். பறிமுதல் செய்த வண்டிகளை நிறுத்த அவர்களுக்கு இடம் போதவில்லையாம். குழுவின் மனத்தைக் கரைக்க இயக்குநர் ஒரு மாதமாக உட்கார்ந்து ஒரு பேச்சு எழுதியிருந்தார். மணி என்ன என்று கேட்டால்கூட எந்தக் கடிகாரப்படி என்று சேர்த்துச் சொல்கிறவர் அவர். ஆகவே பேச்சில் பாதிக்குப் பாதி அடிக்குறிப்பு.

பல் டாக்டரான கணவருக்குப் போன் போட்டார்.

"என்னங்க, விக்கல் நிக்க மாட்டேங்குது. ஏதாவது சொல்லுங்களேன். விக்!"

"நான் பல்லைப் புடுங்குறவன்மா. விக்கலைப் புடுங்கத் தெரியாது. மூச்சை அடக்கிப் பாரு."

"அடக்கிப் பார்த்தாச்சு. கண்ணு இருட்டுது, விக்கல் மட்டும் பிரகாசமா இருக்கு."

பக்கத்தில் நின்ற காப்பாளர் அம்மாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். சேகரிப்பில் உள்ள பொருள்களையெல்லாம் தம் பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்கிறவர். உற்சாகத்துக்குக் குறைச்சல் இல்லாத மனுஷி.

"மேடம், விக்கலுக்கு நம்மகிட்ட இல்லாத வைத்தியமா? ஊர் ஊராப் போய்ச் சேர்த்து வெச்சது இழுப்பறை நிறையக் கிடக்கு!"

முதல் வைத்தியம்: குனிந்து நின்று, டம்ளரின் எதிர்ப்பக்க விளிம்பில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். இயக்குநர் குனிந்தார். பாதித் தண்ணீர் மூக்கில் ஏறியது. மீதி மேஜைமேல் இருந்த பேச்சில் இறங்கியது.

"ஐயோ, மை கலையுது!" என்று காப்பாளர் தாள்களை அள்ளிக்கொண்டு ஓடி மின்விசிறிக்கு அடியில் பரப்பி, விசையை ஒரேயடியாகத் திருகினார். ஈரத் தாள்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. காய்ந்த தாள்கள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கப் போய்விட்டன.

"விக்!" என்றார் இயக்குநர். அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

"கவலைப்படாதீங்க மேடம். கடைசியா ஒரு வைத்தியம் இருக்கு. இதோ வர்றேன்."

காப்பாளர் மறைந்தார். இயக்குநர் தெருவில் கிடக்கும் தாள்களை எண்ணிக் கலங்கியபடி கதவுப் பக்கம் வந்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து, பிதுங்கிய கண்ணும் நீண்ட பல்லும் சணல் தாடியுமாக ஓர் உருவம் "ஹாஆ!" என்று பாய்ந்தது.

இயக்குநர் துளியும் பயப்படவில்லை. "அந்த முகமூடியை வெறுங்கையால தொடக்கூடாதுன்னு எத்தனை தடவை... விக்... சொல்லியிருக்கேன்?" என்றார்.

பயந்தது வேறு ஆள். கதவைத் திறந்துகொண்டு, சொன்ன நேரத்துக்கு முன்பாகவே உள்ளே வந்த குழுத் தலைவர். "அம்மா!" என்று அலறிப் பின்வாங்கியவர், கைக்கு எட்டிய இடத்தில் உட்கார்ந்தார். அது பார்வைக்கு வைத்திருந்த முக்காலி. முக்காலி இருகாலியாயிற்று. தலைவர் தரைக்கு வந்தார்.

அவருக்குப் பின்னால் வந்த குழு உறுப்பினர்களான வக்கீலம்மாவும் பொறியாளரும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினார்கள்.

"இதுதான் நீங்க காப்பகம் நடத்துற லட்சணமா?" என்றார் தலைவர், இடுப்பைத் தேய்த்துக்கொண்டு.

"மன்னிக்கணும் ஐயா. விக்!"

"என்னது?"

"விக்கல். விக்! காலையிலேர்ந்து."

கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். ஒலிப்பதிவாளரும் ஒரு மூலையில் வந்து உட்கார்ந்தார். பதிவுகளைக் கேட்கும் காதுக்கருவியைக் கழற்றாமல் திரிகிறவர் என்பதால் காப்பகத்தில் எல்லாரும் அவரைக் 'காது' என்றே கூப்பிடுவார்கள். பேசுவதைவிடக் கேட்பதுதான் அவருக்குப் பிடிக்கும்.

"நேராச் சொல்லிடறேன்," என்றார் தலைவர். "பழைய பாட்டு, ஓட்டை முறம், கால் உடைஞ்ச முக்காலி... சரி, அதை உடைச்சது நான்தான்... இதெல்லாம் யாருக்குங்க வேணும்? மூடிடலாம்கிறதுதான் எங்க எண்ணம். நீங்க ஏதோ பேசணும்னீங்களாமே, பேசுங்க."

இயக்குநர் எழுந்தார். கையில் ஈரமாக ஒரே ஒரு தாள் இருந்தது. அதுவும் அடிக்குறிப்பு.

"மக்கள் வழக்... விக்... வழக்காறு என்பது... விக்!"

வக்கீலம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்து இயக்குநரின் இரண்டு காதையும் விரலால் அடைத்தார். "யாராவது தண்ணி குடுங்க. மெதுவா முழுங்குங்கம்மா. இன்னும் கொஞ்சம். எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க."

காப்பாளர் தண்ணீரைப் புகட்டினார். வக்கீலம்மா விரலை எடுத்தார். அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"நின்னுடுச்சு!" என்றார் வக்கீலம்மா.

"அப்பாடா," என்றார் தலைவர். "அந்த ஃபைலை எடுங்க. கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்பலாம்."

"விக்!" என்றார் இயக்குநர்.

பொறியாளர் குதித்து எழுந்தார். "நான் அப்பவே நினைச்சேன். காதை அடைச்சா எப்படிங்க நிக்கும்? திடுக்குனு ஒரு பழியைத் தூக்கிப் போடணும். 'நீதானே டப்பாவிலேர்ந்து சர்க்கரையைத் திருடித் தின்னே?'ன்னு எங்க அப்பா கேப்பாரு. விக்கல் பறந்துடும்."

"நீங்க நிஜமாத் திருடியிருப்பீங்க. அதான் பறந்திருக்கும்," என்றார் வக்கீலம்மா.

"ஆமா, திருடினேன். அதுக்காக முறை தப்பாயிடுமா?"

"விக்! ஒரு நிமிஷம்," என்றார் இயக்குநர். ஈரத் தாளைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். "உங்க அப்பா இதை எங்கேர்ந்து கத்துக்கிட்டாராம்?"

பொறியாளர் யோசித்தார். இதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தார். அப்பாவின் லாரி, கூட ஓட்டியவர்கள், சாலையோரத் தூக்கம் என்று பேச்சு நீண்டது. வக்கீலம்மா நடுவில் புகுந்து தம் அம்மாவைக் கொண்டுவந்தார். இயக்குநர் கண்ணைக் காட்ட, காது ஒலிப்பதிவுக் கருவியைத் தட்டிவிட்டார். அவ்வப்போது ஒரு விக்கல் வந்து, ஓயப்போன பேச்சைத் தூண்டிவிட்டுப் போனது.

பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த தலைவர், திடீரென்று சொன்னார்:

"பேரு சொல்லணும்."

எல்லாரும் திரும்பினார்கள்.

"யாரோ நினைச்சாத்தான் விக்கல் வரும்னு சொல்வாங்கல்ல? எனக்கு விக்கல் வந்தா எங்க அக்கா ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டே வருவா. நினைக்கிற ஆளு பேரு வந்ததும் நின்னுடும். தன் பேரைக் கடைசியிலதான் வெச்சுக்குவா. கரெக்டா அங்க வந்து நிக்கும்." பேனாவை மூடினார். "இப்பல்லாம் விக்கல் வந்தா மாத்திரைதான் போடறேன்."



"விக்!" என்றார் இயக்குநர், மெதுவாக. "எனக்குச் சொல்லிப் பாருங்களேன் ஐயா."

"நானா? சேச்சே." கூச்சத்தில் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "சரி. அப்பாவா?"

"விக்!"

"சித்தியா?"

"விக்!"

"மாமாவா?"

"விக்!"

தலைவரின் குரல் இறங்கியது. "அக்காவா?"

இயக்குநர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. மறுபடியும் ஒன்றும் வரவில்லை.

"நின்னுடுச்சு," என்றார் தலைவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார். "இதெல்லாம் பதிவாச்சா?"

காது தலையாட்டினார்.

"அவ பாடின பாட்டுகூட ஒண்ணு உண்டு. எனக்குக் குரல் சுமார்தான். இன்னொரு நாள் வந்து பாடட்டுமா?"

"எப்ப வேணும்னாலும் வாங்க ஐயா."

கோப்பு திறக்கப்படாமலே பைக்குள் போனது. வாசலில் தலைவர் ஒரு நொடி நின்றார். "வண்டியெல்லாம் வேற எங்கயாவது நிறுத்திக்கட்டும். நான் சொல்லிக்கறேன். அந்த முக்காலிக்கு ஆசாரியை அனுப்பறேன்."

அவர்கள் போனதும் காப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகமூடியைப் பெட்டியில் வைத்தார். இயக்குநர் நாற்காலியில் சரிந்து, அன்றைக்கு முதல் தடவையாகக் கால் நீட்டினார்.

காது மூலையில் உட்கார்ந்து பதிவை மறுபடி ஓட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் காதுக்கருவியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு மேஜைக்கு அருகில் வந்தார்.

"மேடம், வக்கீலம்மா காதை அடைச்சப்பவே உங்க விக்கல் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நீங்க செஞ்சது எல்லாம் பதிவுல இருக்கு. இதை நாட்டு மருத்துவத்துல சேர்க்கவா, நாட்டுப்புற நாடகத்துல சேர்க்கவா?"