நரிக் கதையின் பாதிப் பாட்டு

உலக நாகரிகத்துக்கு எங்கள் ஓருரோ மாவட்டம் அளித்த மாபெரும் கொடை 'சிறுவர் கதை இசையாக்கக் குழு'. அதன் செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்கிறேன்.

எடுத்துக்கொண்ட கதை எளிமையானது. ஊர்க் களஞ்சியத்தில் கிழங்கு காணாமல் போகிறது. எல்லோரும் எலியைப் பிடித்து உதைக்கிறார்கள். தின்றதோ ஊர்த்தலைவரான நரி. எங்கள் பள்ளியிலும் மூன்று மாதமாகப் பிள்ளைகளுக்குக் காலைக் கஞ்சியும் ரொட்டியும் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று குழு முதல் கூட்டத்திலேயே ஒருமனதாகத் தீர்மானித்தது. குழுத் தலைவர், கஞ்சிக்கும் பொறுப்பாளரான துணை மேயர் தோன் செவேரோ.

இசை வாத்தியார் எலோய் இருபத்துநான்கு பிள்ளைகளைச் சிகுக் குழலில் பழக்கியிருந்தார். சிகுவில் ஒரே பாட்டின் சுரங்கள் இரண்டு குழல்களில் பாதிப் பாதியாக இருக்கும். 'இரா' என்ற குழல் ஊதிக் கேட்கும், 'அர்கா' என்ற குழல் ஊதிப் பதில் சொல்லும். இடையிடையே பாடவும் செய்வார்கள்.

"கிழங்கத் தின்னது யாரு?" என்றது ஒத்திகையில் இரா வரிசை.

"தலைவரு! நரித் தலைவரு!" என்றது அர்கா வரிசை.

தோன் செவேரோ கோகா இலைத் தேநீரைக் கீழே வைத்தார்.

"வாத்தியாரே, ஒரு பாட்டுக்கு எதுக்குய்யா ரெண்டு கோஷ்டி? பின்னாடி நிக்கிற பன்னெண்டு பேரையும் உக்காரச் சொல்லு."

"ஐயா, அவங்கதான் பதிலு."

"கேள்வியோட கலை முடிஞ்சுபோச்சு. பதில் சொன்னா அது அரசியல்."

இந்த மணிமொழியைப் பெரிய எழுத்தில் குறித்துக்கொண்டேன். அர்கா வரிசையில் முதலில் நின்ற ஒன்பது வயது வாரா குழலை விடவில்லை.

"கஞ்சிய நிறுத்துனீங்க. இப்ப ஊதறதையும் நிறுத்துறீங்களா?"

'இது நிகழ்ச்சி நிரலில் இல்லை' என்று விளக்கினேன். அவள் அழுதாள். அழுகையும் நிரலில் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் குறிப்பில் சேர்க்கவில்லை.

விழா நாளில் முன்வரிசையில் துணை மேயர், பின்னால் தாய்மார்கள். மேடையில் பன்னிரண்டே பிள்ளைகள். மற்றவர்கள் கீழே தரையில், வெறுங்கையோடு.

"கிழங்கத் தின்னது யாரு?"

அமைதி. மறுபடி கேட்டார்கள். மறுபடி அமைதி. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாட்டைப் பாதியில் நிறுத்துவது தும்மலை அடக்குவது மாதிரி. எல்லோரும் நெளிந்தார்கள். மூன்றாம் முறை கேட்டதும் முன்வரிசையிலிருந்து கம்பீரமாக ஒரு குரல் எழுந்தது.

"தலைவரு! நரித் தலைவரு!"

தோன் செவேரோ! சிறுவயதில் எட்டு வருடம் அர்கா ஊதியவராம். வாய் தானாகத் திறந்துவிட்டது.

"எங்க பாட்ட ஐயாவே பாடிட்டாரு!" என்று வாரா துள்ளி எழுந்து கைதட்டினாள்.

நடவடிக்கைக் குறிப்பை நான் இப்படி முடித்தேன்: 'காலைக் கஞ்சி எங்கே போனது என்ற கேள்விக்கு, உரிய அதிகாரியிடமிருந்து, உரிய சுருதியில் பதில் பெறப்பட்டது.'