சீனா நைனாவின் ஜன்னல் கம்பி

அன்றைக்கு சீனா நைனா வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி வசந்தா, காதெல்லாம் ஊசியோடு முள்ளம்பன்றி மாதிரி உட்கார்ந்திருந்த பால்காரர் தாமு, அப்புறம் நைனா. தன் ஊசியால் ஆகாத காரியமும் உண்டு என்று நைனா ஒப்புக்கொண்டது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.

எங்கள் ஊர் சேக்காட்டில் அவருடைய நிஜப்பெயர் யாருக்கும் தெரியாது. ஃபாக்டரியில் ரிட்டையர் ஆனதும் சீன வைத்தியம் கற்றுக்கொண்டு வந்தார். முட்டிவலி, விக்கல், மாமியார் கோபம் எல்லாவற்றுக்கும் ஊசி. கண் மங்கல் என்று போனால், "கண்ணுல இன்னா கீது? கோளாறு கல்லீரல்ல கீது" என்று கால் கட்டைவிரல் பக்கம் குத்துவார். கூடவே சாமந்திப்பூ கஷாயம். பூக்காரம்மாவிடம் முழம் போட்டு வாங்கி, நாரை உருவிவிட்டுக் கொதிக்க வைப்பார்.

நான் எட்டாவதோடு நின்றவன். பயப்படுவதில் மட்டும் மேல்படிப்பு. போன வருஷம் வலது கண்ணுக்கு, வசந்தாவின் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறை தெரிந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, "விழித்திரையில கசிவு. வயசானா சிலருக்கு வரும். சீக்கிரம் கண்ணுக்குள்ள ஊசி போடணும். விட்டா நடுப்பார்வை போயிடும்" என்றார்.

கண்ணுக்குள் ஊசி! வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடிவந்தேன். கண்ணைத் தொடாமல் காலில் குத்தும் நைனாவே போதும் என்று அவர் வீட்டில் போய் விழுந்தேன்.

நைனா என் இடது கண்ணைப் பொத்தினார். "அந்த ஜன்னல் கம்பி எப்பிடி கீது?"

"வளைஞ்சு கீது நைனா."

"நேரா கீற என் ஊட்டுக் கம்பிய வளைக்க நீ இன்னா பயில்வானா?" என்றவர், எடுத்த ஊசியைத் திரும்ப டப்பாவில் போட்டார். முகம் மாறிவிட்டது. "இது கல்லீரல் இல்ல, கண்ணேதான். என் கைக்கு அடங்காது. ஏந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நைனா, என் காது?" என்றார் தாமு.

"அப்பிடியே குந்திகினு இரு. வந்து எடுக்கறேன்."

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் கை, கால், பல் எல்லாம் தனித்தனியாக ஆடின. "எனக்கு வேணாம், ஊட்டுக்குப் போறேன்" என்று எழுந்தேன். வசந்தா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். நைனா பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்து என் கட்டைவிரல் இடுக்கில் சொருகினார். நர்ஸ் பார்த்துவிட்டாள்.

"பெரியவரே! இன்னா பண்றீங்க இங்க?"

"உங்க ஊசி கண்ணுக்கு, என் ஊசி பயத்துக்கு. நமக்குள்ள சண்டையே இல்லம்மா."

"மொதல்ல எடுங்க அத!"

எடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் என் நடுக்கம் நின்றிருந்தது. ஊசியாலா, நர்ஸ் போட்ட சத்தத்தாலா என்று நான் ஆராயவில்லை. உள்ளே சொட்டு மருந்து விட்டு மரத்துப்போன கண்ணில் லேசாக ஓர் அழுத்தம், அவ்வளவுதான்.

சாயங்காலம் திரும்பியபோது தாமு காதில் ஊசியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அன்று தெருவில் யாருக்கும் பால் இல்லை.

அப்புறம் மாதாமாதம் போட்டுக்கொண்டதில், கறை முழுசாகப் போகாவிட்டாலும் வசந்தாவின் மூக்கு திரும்பி வந்துவிட்டது. ஊசி நாள் வந்தால் நைனா எங்கள் வாசலில் நிற்பார். "இன்னா பயில்வான், கம்பி எப்பிடி கீது? பயத்துக்குப் போட்ட ஊசிக்குக் காசு எங்க?"

கொடுத்துவிட்டால் அடுத்த மாதம் வந்து நிற்கமாட்டாரோ என்று எனக்குப் பயம். அதனால் பாக்கி இன்னும் அப்படியே இருக்கிறது: நூறு ரூபாய்.